ஆறு மணிக் கரண்டு

கிணற்றில் நீச்சல் பழகியவனுக்கு நேராக நீந்தத் தெரியாது. நாற்பதடிக்கு ஒரு சுவர் வரும், திரும்பியாக வேண்டும். திரும்பித் திரும்பி உடம்பே வட்டத்துக்குப் பழகிவிடும். நாற்பத்தோராவது வயதில் கடலில் நாலு கிலோமீட்டர் நீந்தப் போகிறேன் என்று கிளம்பியபோது எனக்கு இருந்த முதல் சிக்கல் அதுதான். இரண்டாவது சிக்கல் நேரம். மூன்றாவதாக ஒன்று வந்தது, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு முறை தொடங்கி, நான்கு முறையும் நீச்சலைப் பற்றியே எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டிக்கு நான் போகவில்லை. பதக்கம், எல்லைக்கோடு, ஆனந்தக் கண்ணீர் எதுவும் இதில் வராது. என் மனைவியின் அண்ணன் இறந்துபோனார், அதுதான் வரும்.

நான் சின்னமனூர்ப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நான் பெயர் கொடுத்திருந்த போட்டியில் கடலில் நீந்தி ஏறியதும் சைக்கிளில் நூற்றெண்பது கிலோமீட்டர், இறங்கியதும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில். ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது கணக்கு வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த ஊருக்கு பஸ்ஸே கெடையாதா சார்?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் காலத்தில் எனக்கு எதற்கும் கோபம்தான் வந்தது.

இணையத்தில் எடுத்த பயிற்சி அட்டவணை வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் கேட்டது. என்னிடம் எட்டு மணி நேரம் இருந்தது, அதுவும் இழுத்துப் பிடித்தால். திங்கள், புதன், வெள்ளி விடிகாலை ஓட்டம். செவ்வாய், வியாழன் நீச்சல். ஞாயிறு காலை சைக்கிள். மாலையில் பிளஸ் டூ மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு, சனிக்கிழமையும் உண்டு. மீதி நேரத்தை நான் திருடினேன். நின்றுகொண்டே சாப்பிட்டேன். கல்யாண வீடுகளில் முதல் பந்தியில் உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்து வந்தேன். சொந்தக்காரர்கள் யாராவது வழியில் நிறுத்திப் பேசினால் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். கடைசியில் அவர்களே பழகிக்கொண்டார்கள். “அவருக்கு நேரமில்லப்பா, விடுங்க” என்று என் மனைவி வீட்டார் எனக்காகப் பரிந்து பேசுவார்கள். நேரமில்லை என்கிறவன் சோம்பேறி, நேரத்தை உண்டாக்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

நீச்சலுக்கு மச்சானின் கிணறு. மார்க்கையன்கோட்டை போகிற வழியில் அவருக்கு வாழையும் தென்னையும் இருந்தன. நல்ல சதுரக் கிணறு. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் கைக்கு எட்டுகிற மாதிரி தண்ணீர் நிற்கும். நாற்பதடிக்கு ஒரு தரம் திரும்பினால் பயிற்சி ஆகாது என்பதால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய சைக்கிள் டியூப்புகளை முடிச்சுப் போட்டு, ஒரு முனையை இடுப்பு பெல்ட்டிலும் மறுமுனையைக் கிணற்றுச் சுவரில் இருந்த இரும்பு வளையத்திலும் மாட்டிக்கொள்வேன். டியூப் பின்னால் இழுக்க, நான் முன்னால் நீந்த, இருந்த இடத்திலேயே ஒரு மணி நேரம் நீந்தலாம். நீந்துவதை நிறுத்தினால் டியூப் என்னைச் சுவருக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். அந்தச் சுவரை ஒட்டித்தான் மோட்டார்க் குழாய் இறங்கியது. குழாயோடு சேர்த்துக் கட்டிய கறுப்புக் கேபிளும் அங்கேதான் தண்ணீருக்குள் போனது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டாரை யாரும் கையால் போடுவதில்லை. த்ரீ பேஸ் கரண்டு வருகிற நேரத்தில்தான் தண்ணீர் இறைக்க முடியும். அது வரும், நிற்கும், மறுபடி வரும். காத்துக்கிடக்க ஆளில்லாததால் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆட்டோ என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுவிட்டால் கரண்டு வந்த நொடியில் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும். தோட்டக்காரர் வீட்டில் இருக்கலாம், சந்தையில் இருக்கலாம். அதனால் ஆட்டோவை அணைப்பது இங்கே யாருக்கும் கை வராத காரியம். அணைத்துவிட்டு மறந்தால் அன்றைய தண்ணீர் போயிற்று. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வயிறெரிய வேண்டியதுதான்.

எனக்காக மச்சான் அதை அணைத்தார். அந்தப் பருவத்தில் காலை ஆறு மணிக்குக் கரண்டு வரும். செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்கே வந்து, சுவிட்சை அணைத்துவிட்டு, கிணற்று மேட்டில் பீடியோடு உட்கார்ந்துகொள்வார்.

“ஆறு மணிக்கு கரண்டு வந்துரும் மாப்ள. அஞ்சே முக்காலுக்கு ஏறிருங்க.”

“அதான் ஆட்டோவ ஆஃப் பண்ணிட்டீகளே மச்சான்.”

“பண்ணாம ஒங்கள எறங்க விடுவேனா? எந்தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?”

என்னைவிட ஆறு வயது மூத்தவர். அதிகம் பேச மாட்டார், பேசினால் கிண்டல்தான். “எங்க மாப்ள எரும மாதிரி கட்டிப்போட்டு நீந்துறாக” என்று டீக்கடையில் சொல்வார். ஆனால் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கும் என்று கேட்டவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெருமை பிடித்திருந்தது. ஒரு மாதத்தில் ஐந்தேமுக்கால் ஆறாயிற்று, ஆறு ஆறேகாலாயிற்று. அவருடைய வாழை எனக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. போட்டிக்கு ஏழு வாரம் இருந்தது. அன்று வாழைத்தார் வெட்ட ஆட்கள் வந்திருந்தார்கள், தோட்டத்து முனையில் லாரி நின்றது. நான் போனபோது மச்சான் அங்கிருந்தே கையை ஆட்டி, இறங்குங்கள் என்று சைகை காட்டினார். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அது அவர் வேலை என்று நினைத்தேன்.

தலை தண்ணீருக்குள் இருந்தபோது அடியிலிருந்து ஓர் உறுமல் கேட்டது. மோட்டார் சத்தம் என்று புரிவதற்குள் இரண்டு கைகளும் விறுவிறுத்தன. விரல் நுனியில் தொடங்கி முழங்கை வரை. பத்து விரல்களும் என்னைக் கேட்காமல் மடங்கிக்கொண்டன. நான் திகைத்து நீந்துவதை நிறுத்தினேன். நிறுத்தியதும் டியூப் என்னை இழுத்தது, குழாய்ப் பக்கமாக. போகப் போக விறுவிறுப்பு கூடியது. நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. இனி ஓரடி போனால் செத்துப்போவேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெல்ட்டின் கொக்கியைக் கழற்ற விரல்கள் வரவில்லை. மணிக்கட்டுகளால் பெல்ட்டை இடுப்புக்குக் கீழே தள்ளி, காலை உதைத்து உருவிக்கொண்டு எதிர்ச் சுவரின் படிகளுக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பக்கம் போகப் போக விறுவிறுப்பு குறைந்து நின்றுவிட்டது.

மோட்டார் சத்தம் கேட்டு மச்சான் ஓடி வந்தார். லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வெளுத்து.

“மாப்ள! ஆட்டோவ மறந்துட்டேன் மாப்ள! ஒண்ணும் செய்யலயே?”

இன்னும் நிமிராத விரல்களைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

“ஒண்ணும் செய்யல மச்சான்.”

“நெசமாவா? ஓடுற மோட்டாரு மாப்ள. சுள்ளுனு கிள்ளுனு எதுவும்…”

“ஒண்ணுமே இல்ல. சத்தம் கேட்டுச்சு, ஏறிட்டேன். அவ்வளவுதான்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலரும் கேட்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். பதில் ரொம்பச் சின்னது. கரண்டு கசிகிறது என்று சொன்னால் அன்றே மோட்டாரைத் தூக்க வேண்டும். தூக்குகிற ஆட்களைப் பிடிக்க நாலு நாள், கேபிளைப் பிரித்துப் பார்த்து மறுபடி இறக்க ஒரு வாரம். அதற்குப் பிறகு மச்சான் என்னை அந்தக் கிணற்றில் இறங்கவே விட மாட்டார். எனக்கு வேறு கிணறு கிடையாது. ஏழு வாரத்தில் நீச்சல் போய்விட்டால் போட்டி போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. நெடுநேரம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மரத்துப்போகும். எனக்கும் சில மாதங்களாக அது இருந்தது. இதுவும் அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சைக்கிளால் வருவது இரண்டு விரல்களோடு நிற்கும். இது பத்து விரல்களில் வந்தது, மோட்டார் ஓடியபோது வந்தது, குழாயை நெருங்கியபோது கூடியது. ஒரு மாணவன் இந்த மூன்றையும் எழுதிவிட்டு முடிவை மாற்றி எழுதியிருந்தால் சிவப்பு மையால் கிழித்திருப்பேன். கேபிளின் ஜாயிண்ட்டில் சுற்றிய டேப் விட்டிருக்கிறது, நாளாக நாளாக இன்னும் விடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள முடியும் என்பதை அந்த நாட்களில்தான் கண்டுகொண்டேன்.

அதற்குப் பிறகு நான் மட்டும் ஜாக்கிரதையானேன். இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது. இறங்குவதற்கு முன் நானே போய்ப் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் பார்ப்பேன். ஒரு தரம் பார்த்துவிட்டு, டியூப்பை மாட்டிக்கொண்டு, மறுபடி ஏறிப் போய் இன்னொரு தரம் பார்ப்பேன். ஐந்து ஐம்பதுக்குத் தண்ணீரை விட்டு ஏறிவிடுவேன். “என்ன மாப்ள, எம்மேல நம்பிக்க இல்லயா?” என்று மச்சான் சங்கடமாகச் சிரிப்பார். தான் மறந்ததற்காக நான் இன்னும் அவரைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. நான் ஏறித் துவட்டிக்கொண்டிருந்தேன், மச்சான் ஆட்டோவைப் போட்டார், கரண்டு வந்து மோட்டார் ஓடத் தொடங்கியது. அவர் பாட்டுக்குப் படியில் இறங்கி முழங்கால் வரை தண்ணீரில் விட்டுச் சேற்றைக் கழுவினார். அந்த மனிதர் அதற்கு முன்பு ஓடுகிற மோட்டார்க் கிணற்றில் சுண்டுவிரலைக்கூட வைத்ததில்லை.

“மச்சான், ஏறுங்க!” என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். “அட எதுக்கு மாப்ள பதறுறீக? நீங்க அன்னைக்கு நடுக் கெணத்துல கெடந்தீக, ஒங்கள ஒண்ணும் செய்யல. என்னைய மட்டும் தேடி வந்தா பிடிக்கும்? நான்தான் இத்தன வருசமா சும்மா பயந்துக்கிட்டு கெடந்திருக்கேன்.”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, “எதுக்கும் பாத்து இருங்க மச்சான்” என்றேன். அதோடு பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று வண்டியை எடுத்துவிட்டேன். வழியெல்லாம் தண்ணீரில் இருந்த அவர் கால்கள் கண்ணிலேயே நின்றன. அன்று வகுப்பில் ஒரு பையன் கேட்ட சந்தேகத்துக்கு எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று போனேன். தோட்டத்தில் உரம் வைக்க ஆட்கள் நின்றார்கள், அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று விட்டேன். வெள்ளியன்று போனில் சொல்லலாம் என்று நினைத்தேன். போனில் சொல்கிற விஷயமா இது என்று விட்டேன். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து வரும்போது தோட்டத்துக்குத் திரும்புகிற வழியில் வண்டியை நிறுத்தியே விட்டேன். உள்ளே போனால் உட்காரச் சொல்வார், காபி வரும், எப்படியும் ஒரு மணி நேரம். மறுநாள் அட்டவணையில் ஐந்து மணி நேர சைக்கிள், சீக்கிரம் படுத்தால்தான் முடியும். ஞாயிறு மதியம் நிதானமாக வந்து சொல்லலாம் என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததும் மனசு லேசாகிவிட்டது, சொல்லியே விட்ட மாதிரி. அன்று பல நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிறு விடிகிற நேரத்தில் கிளம்பி, தேனியைத் தாண்டி, கடமலைக்குண்டு பக்கம் போனேன். காற்று அன்று பைத்தியம் பிடித்த மாதிரி அடித்தது. போகும்போது முதுகில் தள்ளியதால் எனக்கு வேகம் கூடியது. சராசரி வேகத்தைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டே மிதித்தேன். ஏழரை மணி வாக்கில் முதுகுப் பையில் போன் அதிர்ந்தது. நிறுத்தினால் சராசரி கெட்டுவிடும். மனைவியாகத்தான் இருக்கும், வரும்போது ஏதாவது வாங்கி வரச் சொல்வாள் என்று மிதித்துக்கொண்டே போனேன். மறுபடி அதிர்ந்தது. பிறகு ஒரு மேட்டில் டவர் போய்விட்டது. திரும்பும்போது எதிர்க்காற்று. தலையைக் குனிந்து, பல்லைக் கடித்து, இருபது கிலோமீட்டர். தண்ணீர் குடிக்க நின்றபோதுதான் போனை எடுத்தேன். பதினோரு அழைப்புகள் இருந்தன. ஒன்று என் பள்ளிப் பியூனுடையது. வீட்டார் தேடச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையில் அவர் என்னைக் கூப்பிட மாட்டார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்றும் தெரிந்துவிட்டது.

முந்தின நாள் அடித்த காற்றில் தென்னை மட்டைகள் கிணற்றுக்குள் விழுந்து கிடந்திருக்கின்றன. “செவ்வாக்கெழம மாப்ள நீந்த வருவாகல்ல, மட்ட கெடக்கு, எடுத்துப் போட்டுட்டு வாரேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கவில்லை. குழாயில் சிக்கியிருந்த மட்டையை எடுக்கப் போயிருக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் கிடத்தி வேட்டியால் மூடியிருந்தார்கள். நான் சைக்கிள் உடுப்போடு, உப்புப் பூத்த முகத்தோடு அங்கே நின்றேன். என் மனைவி என் மார்பில் குத்திக்குத்தி அழுதாள். போனை எடுக்கவில்லை என்றுதான் அழுதாள்.

“ஆட்டோவ ஆஃப் பண்ணாம எறங்கிட்டாகளே” என்று எல்லோரும் சொன்னார்கள். இத்தனை வருஷம் தோட்டம் பார்த்த மனிதருக்கு இதுகூடத் தெரியாதா என்றார்கள். போலீஸ்காரர்கள் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும் அவருடைய கவனக்குறைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காரியம் முடிந்ததும் மோட்டாரைத் தூக்கினார்கள். மெக்கானிக் கேபிளைக் கையில் சுற்றி எடுத்து, ஜாயிண்ட்டைப் பிரித்துப் பார்த்தார். டேப் கருகி இளகியிருந்தது. “இது இன்னைக்கு நேத்து விட்டதில்ல. ஒரு மாசமாவே கொஞ்சங் கொஞ்சமா கசிஞ்சிருக்கு” என்று பொதுவாகச் சொன்னார். ஆட்கள் தலையை ஆட்டிவிட்டுக் கலைந்தார்கள். மச்சானின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அது வரை தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் என்னையே பார்த்தார்.

“ஒரு மாசமாவா தம்பி?” என்றார். “நீங்க இதுலதான நீந்துனீக. மோட்டாரு ஓடும்போதே ஒரு நாளு உள்ள இருந்தீகன்னு அவுக சொன்னாக. ஒண்ணுமே செய்யலன்னு சொன்னாக. ஒங்களுக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியலயா?”

அந்த இடத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. இல்லை என்று சொன்னால் அதோடு முடிந்திருக்கும், அக்கா நம்பியிருப்பார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“தெரிஞ்சுச்சு அக்கா. ரெண்டு கையும் இழுத்துக்கிருச்சு. மச்சான்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அவர் அழவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவும் இல்லை.

“அது என்னைக்கு?”

“தார் வெட்டுன அன்னைக்கு. மச்சான் போறதுக்கு பதினேழு நாளைக்கு முன்னாடி.”

“பதினேழு நாளு” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். “அவுககிட்ட ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு நேரம் கெடைக்கலயா தம்பி?”

அதில் குத்தல் இல்லை. வீட்டில் எல்லோரும் எனக்காகச் சொல்லிச் சொல்லி, அக்காவும் அதை அப்படியே நம்பியிருந்தார். நான் ஆமாம் என்றிருந்தால் அதையும் ஏற்றுக்கொண்டிருப்பார் போலிருந்தது.

“நேரம் இருந்துச்சு அக்கா” என்றேன்.